பில்லில் ஏறாத வெஞ்சனம்

கொரியாவில் ஒரு குடும்பம் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குப் போய் உட்கார்ந்தால், கேட்டது வருவதற்கு முன்பே கேட்காதது வந்துவிடும். கிம்ச்சி, எள்ளெண்ணெய் விட்டுப் பிசறிய சோயா முளை, சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்து வறுத்த நெத்திலி, பசலைக்கீரை, முள்ளங்கி, மெல்லிய முட்டைச் சுருள் என ஐந்தாறு சிறு தட்டுகள். இவற்றுக்குப் பொதுப்பெயர் பன்ச்சான். தீர்ந்தால் இன்னொரு முறை கேட்கலாம், முகம் சுளிக்காமல் கொண்டுவருவார்கள். நம்மூர் மெஸ்ஸில் கூட்டும் பொரியலும் மறுமுறை கேட்டால் இலையில் விழுவது போலத்தான். பில்லில் அவற்றுக்கென ஒரு வரிகூட இருக்காது. 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த பிறகு சென்னை, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கொரிய உணவகங்கள் தோன்றின. தமிழ் வாசகர்களில் சிலருக்கு இந்தச் சிறு தட்டுகள் அங்கேயே அறிமுகமாகியிருக்கும்.

கொரிய உணவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தட்டுகளைக் கொரிய மனத்தின் தாராளம் என்பார்கள். அந்தத் தாராளம் உண்மைதான். ஆனால் பில்லில் ஏறாத ஒன்றுக்கும் யாரோ விலை கொடுத்தாக வேண்டும். கொடுப்பவர் யார் என்று தேடினால் அடுக்களையில் நிற்கும் மனைவி, கல்லூரி விட்டு வந்து மேசை துடைக்கும் மகள், எழுபது வயதிலும் பூண்டு உரிக்கும் மாமியார் என ஒரு குடும்பமே வரிசையாக வந்து நிற்கும். அந்த வரிசைக்குப் பின்னால் அரசாங்கத்தின் ஆணைகளும் கட்டட உரிமையாளரின் வாடகைச் சீட்டும் இருக்கின்றன. பெரும்பாலான எழுத்து ருசியோடு நின்றுவிடுவதால் இந்தக் கணக்கு விடுபட்டுப் போகிறது.

பகல் மூன்று மணிக்கு இப்படிப்பட்ட கடையை எட்டிப் பார்த்தால் கணக்கு கண்ணுக்கே தெரியும். மதியக் கூட்டம் போய்விட்டது, இரவுக் கூட்டம் வர இரண்டு மணி நேரம் இருக்கிறது. கதவில் இடைவேளை என்று ஒரு அட்டை தொங்கும். வாடிக்கையாளர் உட்கார்ந்த அதே மேசையில் இப்போது செய்தித்தாள் விரித்து, சோயா முளையைக் குவித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முளையாக எடுத்து, நுனியில் தொங்கும் மெல்லிய வேரைக் கிள்ளிப் போட வேண்டும். வேரோடு சமைத்தாலும் உடம்புக்குக் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் தட்டில் பார்க்க நன்றாக இருக்காது, பல்லில் நார் தட்டும். அருகில் காய்ந்த நெத்திலி. குழம்புக்கான பெரிய நெத்திலி என்றால் தலையைக் கிள்ளி, உடலை இரண்டாகப் பிளந்து, உள்ளிருக்கும் கறுத்த குடலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாறு கசக்கும். சமையலிலும் கண்டிப்பான விதிகள் உண்டு. சோயா முளையை வேகவைக்கும்போது மூடியைக் கடைசிவரை மூடியே வைக்க வேண்டும், அல்லது முதலிலிருந்தே திறந்து வைக்க வேண்டும். நடுவில் திறந்து பார்த்தால் பச்சைவாடை தங்கிவிடும் என்பது அந்நாட்டுச் சமையலறைகளின் பாலபாடம். கீரையைக் கொதிநீரில் நொடிக் கணக்கில் முக்கி, குளிர்ந்த நீரில் போட்டு, உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து, பிறகு பூண்டும் உப்பும் எண்ணெயும் சேர்த்துக் கையாலேயே பிசற வேண்டும். எவ்வளவு பிழிவது என்பதைக் கைதான் முடிவு செய்யும்.

சோயா முளையின் கொள்முதல் விலை சொற்பம், கீரையும் பெரிய விலையில்லை. செலவாவது நேரம்தான். 2025-ல் சியோல் நகரில் ஒரு கிம்ச்சிக் குழம்புச் சாப்பாட்டின் சராசரி விலை 8,500 வொன்னை ஒட்டி இருந்தது. அதே ஆண்டில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வொன். அதாவது சோறு, குழம்பு, ஐந்து தொடுகறி எல்லாம் சேர்ந்த ஒரு முழுச் சாப்பாட்டின் விலை, ஒரு வேலையாளின் ஒரு மணி நேரக் கூலிக்கும் கீழே. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முளை கிள்ளக் கூலிக்கு ஆள் வைக்க முடியாது என்பது விளங்கும். கிள்ளுகிற கைகள் சம்பளம் கேட்காத கைகளாக இருந்தால்தான் அந்தத் தட்டு இலவசமாக மேசைக்கு வரும்.

கொரியப் புள்ளியியல் துறைக்கு இந்தக் கைகளைப் பற்றித் தெரியும். மாதந்தோறும் நடத்தும் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் சம்பளம் பெறாத குடும்பத் தொழிலாளர் என்று ஒரு தனிப்பிரிவே உண்டு. அண்மை ஆண்டுகளில் அவர்கள் ஏறத்தாழ 9 லட்சம் பேர். வயலில் உழைப்பவர்களும் இதில் அடக்கம், பெரும்பாலோர் பெண்கள். ஆனால் வாரத்துக்கு 18 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைத்தால்தான் இந்தப் பிரிவில் பெயர் ஏறும். வகுப்பு முடிந்து தினம் இரண்டு மணி நேரம் தட்டு சுமக்கும் மகள் இந்த எண்ணிக்கைக்குள் வரமாட்டாள். வெள்ளி இரவிலும் சனிக்கிழமையும் மட்டும் கல்லாவில் உட்கார்ந்து மாமனாருக்குத் துணை நிற்கும் மருமகனும் வரமாட்டார். அந்தச் சிறு தட்டுகளில் பல இப்படிக் கணக்கில் விடுபட்ட மணிகளில் தயாரானவை.

குடும்பங்கள் இந்தத் தொழிலுக்குள் எப்படி வந்தன என்பது வேறொரு கதை. பலர் விரும்பி வந்தவர்கள் அல்லர். சியோலின் ஜொங்நோவில் 1904-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இமுன் சொல்லொங்தாங் கடை போன்ற பழங்கடைகள் விதிவிலக்கு. மாட்டெலும்பும் இறைச்சியும் மணிக்கணக்கில் கொதித்துப் பால்வெள்ளையாகும் சூப்பு அவர்களுடையது. அலை அலையாகக் குடும்பக் கடைகள் முளைத்தது 1950-53 கொரியப் போரில்தான்.

பூசான் நகரின் உஆம்-தொங் பகுதியில் நேஹோ நேங்ம்யொன் என்ற கடை இருக்கிறது. இப்போது வட கொரியாவில் உள்ள ஹுங்நாமில் 1919-ல் நூடுல்ஸ் கடை வைத்திருந்த குடும்பம் அது. 1950 டிசம்பரில் ஹுங்நாம் துறைமுகத்திலிருந்து சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் கப்பலேறித் தெற்கே வந்தார்கள். வடக்கேயிருந்து வந்த அகதிகளில் பலருக்குப் பூசானில் கிடைத்த தங்குமிடம், ஜப்பானியர் ஆட்சியில் ஜப்பானுக்கு ஏற்றுமதியாகும் மாடுகளை நோய் பார்த்து அடைத்து வைத்த கொட்டில்கள். கொட்டிலைத் தடுத்துத் தடுத்துக் குடும்பத்துக்கு ஓர் அறையாக்கி வாழ்ந்தார்கள். அந்த வட்டாரத்தில் 1952-ல் இந்தக் குடும்பம் மறுபடி கடை போட்டது. கையில் இருந்த ஒரே முதல், ஊரில் செய்த நூடுல்ஸின் பக்குவம். ஆனால் அந்த நூடுல்ஸுக்கு வேண்டிய மாவு தெற்கே எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்தது அமெரிக்க உதவியாக வந்து இறங்கிய கோதுமை மாவு. அதோடு சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவைக் கலந்து 1959-ல் அவர்கள் செய்த நூடுல்ஸ்தான் மில்ம்யொன். இன்று பூசானுக்குப் போகும் எவரும் தேடிச் சாப்பிடும் உணவு. கடை நான்காம் தலைமுறைக்குப் போய்விட்டது. ஊர் அடையாளம் என்று கொண்டாடப்படும் ஓர் உணவுக்குள் ஒரு வெளியேற்றமும், மாட்டுக் கொட்டிலும், அயல்நாட்டு மாவு மூட்டையும் இருக்கின்றன. அதைச் சொல்லாமல் மில்ம்யொன்னின் சுவையை மட்டும் எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்யும் நியாயம் குறைந்துபோகும்.

போருக்குப் பின் அரசாங்கமே மேசைக்கு வந்து உட்கார்ந்தது. அரிசிப் பற்றாக்குறையைச் சமாளிக்க 1969 முதல் புதன், சனிக் கிழமைகளில் காலை 11 முதல் மாலை 5 மணி வரை உணவகங்கள் அரிசிச் சோறு விற்கத் தடை வந்தது. மற்ற நாட்களிலும் சோற்றில் வாற்கோதுமை போன்ற பிற தானியங்களைக் கலக்க வேண்டும், சூப்பு வகைகளில் நூடுல்ஸ் சேர்க்க வேண்டும் என்று ஆணை. இன்றும் சொல்லொங்தாங் கிண்ணத்தின் அடியில் சிறு கற்றை வெள்ளை நூடுல்ஸ் கிடப்பதைப் பார்க்கலாம். பலரும் அதைத் தொன்றுதொட்டு வந்த முறை என்று நம்புகிறார்கள். அரிசியை மிச்சம் பிடிக்கச் சொன்ன அதிகாரியின் கையெழுத்து அது. அரிசி பெருகிய பிறகும் நூடுல்ஸ் வெளியேறவில்லை, நாக்கு பழகிவிட்டது.

சோற்றுக் கிண்ணத்தின் கதை இன்னும் துல்லியமானது. கொரியாவில் எந்தக் கடைக்குப் போனாலும் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரே அளவுச் சோறு வரும். 1976-ல் சியோல் மாநகராட்சி உணவகங்களுக்கு இட்ட உத்தரவு அது: கிண்ணத்தின் விட்டம் 10.5 சென்டிமீட்டர், உயரம் 6 சென்டிமீட்டர், அதில் ஐந்தில் நான்கு பங்குதான் சோறு. முதல்முறை மீறினால் ஒரு மாதம் கடையடைப்பு, மறுமுறை மீறினால் உரிமம் ரத்து. 1980-களில் இது நாடு முழுவதற்கும் பரவியது. அதற்கு முன் பெரிய பித்தளைக் கிண்ணத்தில் கோபுரமாகச் சோறு குவித்துச் சாப்பிட்ட மக்கள் அவர்கள். உணவு வரலாற்றாளர் ஜூ யோங்-ஹா போன்றோர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். என் கவனத்தை இழுப்பது அதன் விளைவு. சோற்றுக்கு அளவு வந்தது, தொடுகறிக்கு வரவில்லை. சோறு ஒரு கிண்ணம் கூடுதலாகக் கேட்டால் பல கடைகளில் வெகுகாலம் 1,000 வொன். ஒருநாள் முழுக்க உட்கார்ந்து ஆய்ந்த கீரையும் முளையும் எத்தனை தட்டு கேட்டாலும் இலவசம்.

அதையும் அளக்க முயன்றார்கள். 1980-களில், ஒலிம்பிக் போட்டிக்கு நாடு தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், வேண்டிய தொடுகறியை மட்டும் கேட்டு வாங்கி அதற்குக் காசு கொடுக்கும் முறையை அரசு கொண்டுவந்தது. வீணாவது குறையும் என்பது நோக்கம். திட்டம் நிலைக்கவில்லை. தொடுகறிக்குக் காசு கேட்கும் கடையை வாடிக்கையாளர் கஞ்சக் கடை என்று ஒதுக்கினார்கள். எதிர்க்கடை இலவசமாக வைக்கும்போது இவர் மட்டும் எப்படிக் கேட்பார்? ஆணையிட்டுச் சோற்றுக் கிண்ணத்தைச் சுருக்க முடிந்த அரசால் ஒரு தட்டு முளைக்கு விலை வைக்க முடியவில்லை.

மிச்சமான தொடுகறி என்ன ஆகும் என்ற கேள்வி 2008-ல் வெடித்தது. ஒரு மேசையில் மிஞ்சியதை அடுத்த மேசைக்குக் கொண்டுபோகும் கடைகளைத் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. மறு ஆண்டே மறுபயன்பாட்டுக்குத் தடை வந்தது, மீறினால் கடையடைப்பு. முழு இலையாக இருந்து கழுவி வைக்கக்கூடிய லெட்யூஸ் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. மக்கள் உடல்நலத்துக்கு வேண்டிய தடைதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அன்று முதல் தொட்டும் தொடாமலும் திரும்பும் ஒவ்வொரு தட்டும் குப்பைக்கே போக வேண்டும். உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் புதைப்பது 2005-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. 2013 முதல் உணவுக் கழிவின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறை நாடெங்கும் வந்தது. இலவசமாகக் கொடுத்ததைக் காசு கொடுத்து அப்புறப்படுத்துகிறார் கடைக்காரர்.

எங்கேயாவது செலவைக் குறைத்தாக வேண்டும். அது சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் தெரியும். எந்தப் பொருள் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று உணவகங்கள் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். அரிசி உள்நாடு, பன்றி இறைச்சி உள்நாடு என்று போய்க்கொண்டிருக்கும் பட்டியலில், கிம்ச்சிக்கு நேரே முட்டைக்கோஸ் சீனா, மிளகாய்த்தூள் சீனா என்று இருக்கும். 2024-ல் தென் கொரியா இறக்குமதி செய்த கிம்ச்சி 3 லட்சம் டன்னுக்கு மேல், ஏறக்குறைய எல்லாமே சீனாவிலிருந்து. குளிர்காலத் தொடக்கத்தில் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் கூடிக் கிம்ச்சி போடும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-ல் மானுடத்தின் பண்பாட்டு மரபாகப் பதிந்தது. அதே நாட்டின் உணவகங்களில் வைக்கப்படும் கிம்ச்சியில் பெரும்பகுதி தொழிற்சாலைப் பெட்டியில் வருவது. இதை வைத்துக் கடைக்காரரைப் பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நூறு கிலோ முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து, கழுவி, இலை இலையாக விரித்து மசாலா தடவக் கைகள் வேண்டும். வீட்டுக் கைகள் குறைந்துவிட்டன. பலகையில் உள்நாடு என்று எழுதி, பக்கத்திலேயே நாங்களே போட்டது என்றும் எழுதியிருக்கும் கடையைக் கண்டால் அந்த வரியின் பின்னால் இருக்கும் உழைப்பை மனத்தில் கொண்டு உண்ணலாம்.

கைகள் குறைந்ததற்குப் பல காரணங்கள். 1997-98 நிதி நெருக்கடியில் வேலை இழந்த நடுவயதுக்காரர்கள் ஓய்வூதியத் தொகையைப் போட்டுக் கடை திறந்தார்கள். கோழி வறுவல் கடைகள் தெருவுக்குத் தெரு பெருகி, 2019-ல் ஒரு வங்கிக் குழும ஆய்வு அவற்றை மட்டும் சுமார் 87,000 என்று கணக்கிட்டது. போட்டி கூடியபோது விலையை ஏற்ற முடியவில்லை. 2018-ல் குறைந்தபட்சக் கூலி ஒரே தாவலில் 16.4 விழுக்காடு உயர்ந்து 7,530 வொன் ஆனது. வேலையாட்களுக்கு அது நியாயமான உயர்வு. சிறு கடைகளில் பலவும் ஆளை நிறுத்திவிட்டுக் கணவனும் மனைவியும் மட்டுமாக நின்றன. ஆள் இல்லாத இடத்தில் தொடுதிரையில் சோறு கேட்கும் பெட்டியும், தட்டு சுமக்கும் இயந்திரமும் வந்தன. பிள்ளைகளோ படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். அப்படிப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெற்றோர் அடுப்படியில் நின்றார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் பிள்ளை வாரிசாக நிற்கத் தயாராக இருந்தாலும் கடை நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை. பெரும்பாலான குடும்பங்கள் வாடகை இடத்தில்தான் கடை நடத்துகின்றன. புதிதாக வருகிறவர், அந்த இடத்தில் வியாபாரத்தை வளர்த்த பழைய வாடகைதாரருக்கு ஒரு பெருந்தொகை கொடுத்துத்தான் இடம் பிடிப்பார். அதற்கு க்வொல்லிகும் என்று பெயர், நம்மூர்ப் பகடிப் பணத்தோடு உறவுள்ளது. 2015 வரை இந்தத் தொகைக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை. உரிமையாளர் வெளியேறச் சொன்னால் போட்ட பணம் போனதுதான்.

சியோலின் சொச்சொன் பகுதியில் கணவனும் மனைவியுமாக நடத்திய பன்றிக்கால் கடை ஒன்று கடை வாடகைச் சட்டத்தையே திருத்த வைத்தது. 2009-ல் திறந்த கடை. கட்டடம் கைமாறியதும் புது உரிமையாளர் 2016-ல் மாதம் சுமார் 30 லட்சம் வொன்னாக இருந்த வாடகையை 1 கோடியே 20 லட்சமாகக் கேட்டார். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கேட்கும் உரிமை அன்றைய சட்டப்படி ஐந்தாண்டுதான், அது எப்போதோ முடிந்திருந்தது. வழக்கில் தோற்ற தம்பதி வெளியேற மறுத்தார்கள். ஆட்களை வைத்து வெளியேற்ற முயன்றபோது கடைக்காரரின் கைவிரல்கள் சிதைந்தன. 2018 ஜூனில் அவர் உரிமையாளரைச் சுத்தியலால் தாக்கிச் சிறை சென்றார். அந்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்க முடியாது. ஆனால் அது நடந்த சில மாதங்களில், செப்டம்பரில், நாடாளுமன்றம் ஐந்தாண்டைப் பத்தாண்டாக நீட்டியது. பல ஆண்டுகளாகச் சிறு கடைக்காரர்கள் மன்றாடிக் கேட்டது, ஒருவர் படுகாயமடைந்து இன்னொருவர் சிறை போன பிறகு கிடைத்தது.

பத்தாண்டும் போதவில்லை என்பதைச் சியோலின் உல்ஜிரோ பகுதி காட்டியது. அங்கே 1980-ல் தொடங்கிய உல்ஜி ஓபி பேர், பியரோடு காய்ந்த குட்டி பொல்லாக் மீனைச் சுட்டுக் கொடுத்து ஒரு சந்தையே உருவாக்கிய சிறு கடை. நிறுவியவருக்குப் பின் மகளின் குடும்பம் நடத்தியது. முப்பது ஆண்டுக்கு மேல் நின்ற கடைகளைத் தேர்ந்தெடுத்து நூற்றாண்டுக் கடை என்று பலகை கொடுக்கும் திட்டத்தைச் சிறுதொழில் அமைச்சகம் 2018-ல் தொடங்கியபோது இந்தக் கடைக்கும் பலகை கிடைத்தது. 2022 ஏப்ரலில் ஒரு விடியற்காலையில் அந்தக் கடை ஆட்களை வைத்துக் காலி செய்யப்பட்டது. அரசு கொடுத்த பலகை அரசின் நீதிமன்ற ஆணையைத் தடுக்கவில்லை. மரபு என்று ஒரு கடையைப் போற்றுவதும், அது நிற்கும் சிறு இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுப்பதும் ஒரே அரசின் செயல்களாக இருந்தன. நூற்றாண்டு நிற்க வேண்டும் என்று பெயர் வைத்தவர்கள், நிற்பதற்கு இடத்தை உறுதி செய்யவில்லை.

இப்போது மெல்ல ஒரு மாற்றம் தெரிகிறது. பல கடைகளில் மூலையில் ஒரு மேசை வைத்துப் பன்ச்சான் பாத்திரங்களை அடுக்கிவிடுகிறார்கள். முதல் தட்டு மேசைக்கு வரும், அடுத்ததை நாமே எழுந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டு சுமக்கும் நடை குறைகிறது, எழுந்துபோகச் சோம்புவதால் வீணாவதும் குறைகிறது. ஆறு தட்டு மூன்றாகிறது. வெகுகாலம் 1,000 வொன்னில் நின்ற கூடுதல் சோற்றுக் கிண்ணம் சில இடங்களில் 2,000 ஆகிவிட்டது. இதைப் பார்த்துக் கொரியாவின் தாராளம் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. என் நிலை வேறு. மூன்று மணிக்குச் செய்தித்தாள் விரித்து உட்காரும் அந்தப் பெண்களின் நேரத்துக்கு விலை வைக்க வேண்டும், அது சாப்பாட்டின் விலையிலேயே ஏற வேண்டும், சாப்பிடுகிறவர் முணுமுணுக்காமல் கொடுக்க வேண்டும். கிம்ச்சிக் குழம்புச் சாப்பாடு 12,000 வொன் ஆனாலும் முளைக்கான கூலி அதில் அடங்கியிருந்தால் அதுவே சரியான விலை என்பேன். அந்த விலையில்தான் மகனோ மகளோ, கட்டாயத்தால் அல்லாமல் தொழிலாக எண்ணி, அந்த அடுப்பை ஏற்றுக்கொள்ள வழி பிறக்கும்.